முட்டுச்சந்தைச் சுற்றிக் காட்டிய கதை

திருநெல்வேலி டவுனில் முட்டுச்சந்து என்று ஒரு சந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு போய்விட வேண்டாம். ஒரு பக்கம் நுழையலாம், மறுபக்கம் சுவர். அந்தச் சுவரில் தினமும் முட்டிக்கொண்டு, "இது நேத்து இங்ஙன இருந்துச்சா?" என்று கேட்கிறவர்கள்தான் அதன் குடிமக்கள்.

அவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. 'முட்டுச்சந்து ஆட்கள் நலச் சங்கம்' என்று போர்டு எழுதச் சொன்னார்கள். பலகையில் இடம் போதவில்லை. பெயிண்டர் நடுவில் கொஞ்சம் சுருக்கி, 'முட்டாட்கள் நலச் சங்கம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பரம திருப்தி. பெயர் சிக்கென்று இருக்கிறது, மறக்கவே மறக்காது என்றார் சங்கத் தலைவர்.

நான் அடுத்த தெருக்காரன். எங்கள் தெருவுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. அந்த மிதப்பில்தான் இதைச் சொல்கிறேன்.

தலைவர் பெயர் உலகநாதன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனாலும் பெயர் உலகநாதன் ஆயிற்றே, உலக விஷயம் எல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். செயலாளர் ஆவுடையப்பன். யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் சிந்தாமல் அப்படியே திருப்பிச் சொல்லுவார். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் அவர் பொறுப்பில் வராது. மூன்றாவது ஆள் குற்றாலிங்கம். சங்கத்தில் கேமரா வைத்த போன் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

இந்த மூன்று பேரும் சேர்ந்து நல்லது செய்யக் கிளம்பியது கல்யாணசுந்தரத்துக்கு. கல்யாணி என்று கூப்பிடுவார்கள். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். வயது முப்பத்தெட்டு. பெயரில் இருந்த கல்யாணம் வாழ்க்கையில் வந்து சேரவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் வருவார்கள், சந்தின் பெயரைக் கேட்பார்கள், போர்டைப் படிப்பார்கள், "ஜாதகம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஜாதகத்தை அவர்கள் யாரும் வாங்கிப் பார்த்ததே இல்லை.

கடைசியாக ஒரு வரன் வந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. நம் பக்கத்து ஆட்கள்தான், கோயம்புத்தூரில் குடியேறிவிட்டவர்கள். கல்யாணி அவளோடு ஒரே ஒரு தடவை போனில் பேசினார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். எந்த வேளையைக் கேட்கிறாள் என்று கல்யாணிக்குப் பிடிபடவில்லை. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து, அதுவரை சாப்பிட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். அவள் கடைசி வரைக்கும் போனை வைக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை தோசைக்கு என்ன சட்னின்னு சொல்லலையே" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து கல்யாணிக்கு அவளைத் தவிர வேறு நினைப்பில்லை. ஒரு மிக்ஸியைக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது அது டேபிள் ஃபேன் மாதிரி ஓடியது. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி பெண் பார்க்கவே மாட்டேன் என்று அம்மா பிரமு அம்மாளிடம் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பெண்ணின் அப்பா கோமதிநாயகம் போன் செய்தார். கல்யாணி போனை ஸ்பீக்கரில் போட்டார். சங்கம் முழுக்க அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, எங்க செண்பகம் ஒண்ணு கேக்கா. இப்ப அவங்கவங்க ஊரை, அவங்கவங்க தெருவை வீடியோ எடுத்துப் போடுதாங்கள்லா? அதே மாதிரி உங்க தெருவை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. நாளைக்கு அவ வந்து வாழப்போற இடம் பாருங்க. பெரிய கேமராக்காரன்லாம் வேண்டாம், வீட்டுல எடுத்த வீடியோவா இருந்தாப் போதும். எதையும் மறைக்காம, தெருவை நல்லாச் சுத்திக் காட்டுங்க. நம்பர் எல்லாம் தாரேன், எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஷேர் பண்ணி விட்டிருங்க. பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசுவோம்."

போனை வைத்ததும் ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் குறையாமல் அத்தனையையும் திருப்பிச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"முதல்ல சுத்திக் காட்டணும்" என்றார் உலகநாதன். "ஏல குத்தாலம், சுத்து."

குற்றாலிங்கம் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சந்தின் நடுவில் நின்று சுற்ற ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. சுற்றிச் சுற்றி டீக்கடை வாசலில் போய் விழுந்தார். கண்ணாடிக் கிளாஸ் கொஞ்சம் உடைந்தது, போன் உடையவில்லை.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். சுவரும் கதவும் மாடும் ஒரே கோடாக ஓடின. தலைவருக்கு வயிற்றைப் புரட்டியது. ஆனாலும் அவர் கடமை தவறாதவர், கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் போய் வாயைக் கொப்பளித்தார்.

"வீடியோ நல்லாத்தான் சுத்துது" என்றார் திரும்பி வந்து. "ஆனா ஒரு தப்பு நடந்து போச்சு. தெருவைச் சுத்திக் காட்டணும்னுதானே சொன்னாவ? இவன் இவனைச் சுத்திக்கிட்டான். தெரு அப்படியே நிக்கு."

எல்லோரும் திரும்பித் தெருவைப் பார்த்தார்கள். நின்றுகொண்டுதான் இருந்தது.

"இல்லை அண்ணாச்சி" என்றார் தரையில் கிடந்த குற்றாலிங்கம். "நான் விழுந்து கெடக்கும்போது தெருதான் சுத்துச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"நெசமாவா?"

"வேணும்னா நீங்களும் சுத்திப் பாருங்க."

தலைவரும் செயலாளரும் எழுந்து சுற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். உண்மைதான், தெரு சுற்றியது. "எடுல, எடுல! இப்ப எடு!" என்று படுத்தபடியே கத்தினார் உலகநாதன். குற்றாலிங்கம் எடுத்தார். போட்டுப் பார்த்தால் தெரு மறுபடியும் அசையாமல் நின்றது.

நீண்ட நேரம் யோசித்தார்கள். ஆவுடையப்பன்தான் கண்டுபிடித்தார். "தலை சுத்துனது நமக்கு. எடுக்கது போன். போனுக்குல்லா தலை சுத்தணும்?"

ஆஹா என்றார்கள். பிரமு அம்மாளின் தூக்குவாளியை வாங்கி, அதற்குள் போனைப் போட்டு மூடி, குற்றாலிங்கம் தலைக்கு மேலே விசிறிச் சுழற்றினார். பிறகு சட்டென்று வெளியே எடுத்துத் தெருவைப் படம் பிடித்தார். தெரு அப்போதும் அசையவில்லை. வாளியில் மிச்சம் இருந்த ரசம் மட்டும் படத்தில் ஓரமாக வழிந்தது.

"போனுக்குக் கெட்டி உடம்பு" என்று முடிவு செய்தார் தலைவர். "நாம சுத்துனதே போதும். அடுத்தது என்னவே?"

அடுத்ததுதான் பெரிய சிக்கல். "வீட்டுல எடுத்த வீடியோவா இருந்தாப் போதும்" என்று ஒப்பித்தார் ஆவுடையப்பன். சொல்லி முடித்ததும் அவர் முகமே வெளிறிப்போயிற்று. "அண்ணாச்சி, நாம இவ்வளவு நேரமும் தெருவுலல்லா எடுத்தோம்!"

கல்யாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நல்லவேளை, அனுப்பலை" என்றார்.

"வீட்டுக்குள்ள இருந்து ஜன்னல் வழியா எடுத்தா?" என்று கேட்டார் குற்றாலிங்கம். கல்யாணி வீட்டில் ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். அந்தச் சுவரை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தார் ஆவுடையப்பன்.

தலைவர் எழுந்து நின்றார். முக்கியமான விஷயம் பேசும்போது எழுந்து நிற்பது அவர் வழக்கம்.

"தெருவையும் காட்டணும், வீட்டுலயும் எடுக்கணும். அப்ப என்ன அர்த்தம்? தெருவை வீட்டுக்குள்ள கொண்டாரணும். மாப்பிள்ளை ஊர்வலம் வீடு வரைக்கும் வருது, மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வருது. ஒரு நல்ல காரியத்துக்கு நம்ம தெரு வராதா?"

கல்யாணி அழுதே விட்டார். தனக்காக ஒரு தெருவே வீட்டுக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் கண் கலங்காது?

முதலில் டீக்கடை வந்தது. பாய்லர், பெஞ்சு, வடைத் தட்டு, மாஸ்டர் எல்லாம் வந்து கூடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தன. வேப்பமரத்தில் கட்டியிருந்த தபால் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து மின்விசிறிக்குக் கீழே மாட்டினார்கள். சங்கத்துப் போர்டு வந்தது. சந்தின் நடுவில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும் வெள்ளை மாட்டை இழுத்து வந்தார்கள். அது வீட்டுக்குள்ளும் நடுவில்தான் போய் நின்றது. எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதற்காகச் சாக்கடையில் ஒரு வாளி மொண்டு வந்து வைத்தார்கள். மரத்தடிப் பிள்ளையாரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் புத்தி உண்டு.

லைட் கம்பம் மட்டும் வர மறுத்தது. நான்கு பேரும் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தக் குறை தெரியக் கூடாது என்று குற்றாலிங்கம் தலையில் ஒரு டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கூடத்து மூலையில் விறைப்பாக நின்றார். இனி அவர்தான் கம்பம். சந்தின் முடிவில் இருக்கும் சுவரை எப்படிக் கொண்டுவருவது என்று கவலைப்பட்டார்கள். தலைவர் வேகமாக நடந்துபோய்ப் பின்சுவரில் முட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டே.

இவ்வளவும் உள்ளே வந்தால் வீட்டுச் சாமான் எங்கே இருக்கும்? பீரோ, கட்டில், அடுப்பு, அம்மி, துணிக் கொடி எல்லாவற்றையும் வெளியே கொண்டு போய்ச் சந்தில் வைத்தார்கள். கோயிலுக்குப் போயிருந்த பிரமு அம்மாள் திரும்பி வந்து பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஏய்யா, என் அடுப்பை எதுக்குய்யா நடுத்தெருவுல வச்சிருக்கீங்க?"

"தெருவுல இல்லை மயினி" என்றார் உலகநாதன் பொறுமையாக. "தெரு உள்ள போயிட்டு. இப்ப அடுப்பு இருக்கது வீடு."

பிரமு அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். வீட்டில் காற்று நன்றாக வருகிறது, வெளிச்சமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உலை வைத்தார்.

மாடும் மனிதர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. குற்றாலிங்கம் கம்பமாக நின்றபடியே போனைத் தூக்கினார். உடனே ஆவுடையப்பன் கையை உயர்த்தினார். "எதையும் மறைக்காமன்னு சொன்னாவ. தலைவர் நிக்கதுல பாய்லர் மறையுது."

தலைவர் நகர்ந்தார். போர்டு மறைந்தது. குனிந்தார். வடைத் தட்டு மறைந்தது. யார் எங்கே நின்றாலும் பின்னால் ஏதாவது ஒன்று மறைந்துகொண்டே இருந்தது. கடைசியில் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாஸ்டரும் படுத்தார், டீ குடிக்க வந்தவர்களும் படுத்தார்கள். மாடு மட்டும் படுக்கவில்லை. மாப்பிள்ளை கல்யாணி அதற்கு நேர் பின்னால் படுத்திருந்தார். அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"மாட்டுக்குப் பின்னால மாப்பிள்ளை மறையுதாரே" என்றார் மாஸ்டர் படுத்தபடியே.

"மறைக்கது நாம இல்லையே, மாடுல்லா" என்றார் ஆவுடையப்பன். எடுத்து முடித்தார்கள்.

மிச்சம் இருந்தது ஷேர் பண்ணுவது. இதில் மட்டும் தலைவருக்கு நல்ல அனுபவம். அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணன் தம்பிகளோடு ஷேர் பிரித்தவர் அவர். ஒருத்தருக்குக் கூடம், ஒருத்தருக்கு அடுக்களை, இவருக்குக் கிணறு.

"ஷேர்னா பங்கு" என்றார். "யாருக்கும் மனத்தாங்கல் வராமப் பிரிக்கணும். சம்பந்த வீடு, பாத்துக்கிடுங்க."

போனில் ஒரு கத்தரிக்கோல் படம் இருந்தது. அதை வைத்துக் குற்றாலிங்கம் வீடியோவை வெட்டினார். பெண்ணின் அப்பாவுக்கு டீக்கடை. அம்மாவுக்குப் போர்டு. சித்தப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்தவர் என்று கேள்வி, அவருக்குத் தபால் பெட்டி. பாக்கி இருந்தது சாக்கடை வாளி. அதை யாருக்குக் கொடுப்பது என்று அரை மணி நேரம் பேசினார்கள்.

"அதை எடுத்ததுதான் ரொம்ப நீளம்" என்றார் குற்றாலிங்கம்.

"அப்ப அதுதான் பெரிய பங்கு. குடும்பத்துல மூத்தவருக்குத்தான் போகணும். பெரியப்பாவுக்கு அனுப்புல."

மாடும் மாட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு பாதங்களும் பெண்ணுக்குப் போயின. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு குற்றாலிங்கம் தன் போனில் இருந்த முழு வீடியோவையும் அழித்துவிட்டார். பங்கு பிரித்த சொத்தை நாமே வைத்துக்கொண்டிருந்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்றார் தலைவர்.

சாயங்காலமே போன் வந்தது. முதலில் பெரியப்பா. "எனக்குச் சாக்கடையை அனுப்புனவன் எவம்ல?" என்று ஆரம்பித்தவர், நிறுத்த நெடுநேரம் ஆயிற்று. "மூத்தவருன்னுதான்..." என்று உலகநாதன் பணிவாகச் சொல்லப் போய் அது இன்னும் வினையாயிற்று. பிறகு கோமதிநாயகம் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "தம்பி, ஒரு டீக்கடையில ஆட்கள் எல்லாரும் விழுந்து கெடக்காவ. ஏதும் விஷ வாயுவா?"

கல்யாணி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சந்தில் கிடந்த கட்டிலில் குப்புறப் படுத்தார். மறுநாள் சாப்பிடவில்லை. ரிப்பேருக்கு வந்த கிரைண்டரைத் தொடவில்லை. "அவ சாப்பிட்டீங்களான்னு கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?" என்று பிரமு அம்மாளிடம் கேட்டார். அடுத்த தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த எனக்கே அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிப் போயிற்று. அவர் முட்டாளாக இருக்கலாம், மனசு மனசுதானே.

இரண்டு நாள் கழித்து கோமதிநாயகம் மறுபடியும் கூப்பிட்டார். "நாங்க நேர்ல வாரோம். எங்க அண்ணாச்சிக்கு இஷ்டமே இல்லை. செண்பகம்தான் ஒத்தக்கால்ல நிக்கா. வீடியோல பார்த்ததை நேர்ல பார்க்கணுமாம். எதையும் மாத்திராதீங்க, அப்படியே இருக்கட்டும்."

ஆவுடையப்பன் ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தார். எதையும் மாற்றவில்லை. டீக்கடை கூடத்தில் நடந்தது. தபால்காரர் செருப்போடு உள்ளே வந்து பெட்டியைத் திறந்து, கடிதங்களை எடுத்துக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். குற்றாலிங்கம் பகல் முழுக்க அணைந்தும், விளக்கு வைக்கும் நேரம் ஆனால் எரிந்தும் நின்றார்.

பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். சந்து முனையிலேயே உலகநாதன் கும்பிட்டபடி நின்றார்.

"வாங்க, வாங்க. வீட்டுக்குள்ள வந்துட்டீங்க, செருப்பைக் கழட்டிருங்க."

கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். நடுச்சந்தில் ஒரு பீரோ. பக்கத்தில் கட்டில். பிரமு அம்மாள் அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். கொடியில் கல்யாணியின் வேட்டி காய்ந்தது.

"இது தெருவுல்லா?" என்றார் கோமதிநாயகம்.

"தெரு உள்ள இருக்கு, அண்ணாச்சி. முதல்ல உட்காருங்க, காபி குடிச்சிட்டுப் போய்ப் பாக்கலாம்."

கோமதிநாயகம் கட்டிலில் உட்கார்ந்தார். பெரியப்பா செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று பீரோ பக்கத்தில் நின்றபடி இரைந்தார். "தம்பி, இது சரிப்பட்டு வராது. ஊரே கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கு. பொண்ணைக் கூட்டிட்டுக் கெளம்பு."

கல்யாணி துணிக் கொடிக்குப் பின்னால் நின்றிருந்தார். பிரமு அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கோமதிநாயகம் மெதுவாகத் தலையைத் திருப்பி, "செண்பகம், என்னம்மா சொல்லுத?" என்று கேட்டார்.

செண்பகவல்லி சந்து முனைக்குப் போய், அங்கே கழற்றி விட்டிருந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணி வீட்டு வாசல்படியில் அதைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளியில் கிளம்புகிறவள் போல அந்த வீட்டுக்குள் போனாள்.

உள்ளே அவள் பேசுவது கேட்டது.

"மாஸ்டர், ஒரு டீ. சக்கரை கொஞ்சமாப் போடுங்க." பிறகு, "ஹேய், தள்ளு, தள்ளு. நடுரோட்டுல நின்னா வண்டிவாசி எப்படிப் போகும்?" அது மாட்டிடம். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, இங்க கல்யாணசுந்தரம்னு மிக்ஸி ரிப்பேர் பண்ணுதவங்க வீடு எது?"

"நேராப் போயி வெளிய வாங்க. அதுதான்" என்றது லைட் கம்பம்.

வாசல்படியில் அவள் தலை தெரிந்தது. பிரமு அம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நில்லும்மா, அங்ஙனேயே நில்லு!" என்று ஓடிப்போய்த் தட்டில் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தார். "வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்றார்.

செண்பகவல்லி செருப்பை உள்ளேயே கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து, வீட்டிலிருந்து சந்துக்கு வந்தாள். துணிக் கொடியைப் பார்த்தாள். வேட்டிக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கல்யாணி இத்தனை நாளாகச் சாப்பிடாததை வேளை வேளையாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள் கடைசியில். "தெருவும் நல்லா இருக்கு, வீடும் காத்தோட்டமா இருக்கு."

பெரியப்பா வாயைத் திறந்தார். கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்து அடக்கினார். அந்த மனிதரின் கண்ணில் தண்ணீர் நின்றது. பதினைந்து வருஷமாக மகளுக்கு இடம் பார்க்கிறார். வந்தவர்கள் எல்லாம் அவளோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவள் சொல்வதைக் கேட்டு யாரும் முகத்தைச் சுளிக்காத ஒரு வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அந்த வீட்டில்தான் இப்போது கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சங்கத்தார் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிரமு அம்மாள் எல்லோர் கையிலும் கேசரியை வைத்தார். அப்போது செண்பகவல்லி திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தெருக்கதவை இப்படித் திறந்து போட்டிருக்கீங்க? போற வார மாடெல்லாம் வீட்டுக்குள்ள வந்துராதா?" என்று கேட்டாள். கேட்டபடியே போய், கூடத்துக் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாளும் போட்டாள்.

"வீட்டுக்கு ஒரு பொம்பளை வேணும்கது இதுக்குத்தான்" என்றார் உலகநாதன்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் செண்பகவல்லி.

"நான்தான்ம்மா, குத்தாலிங்கம். எனக்கும் கொஞ்சம் கேசரி..."

"குத்தாலிங்கம்னா?"

"லைட் கம்பம்."

"லைட் கம்பத்துக்கு வீட்டுக்குள்ள என்னண்ணே வேலை?" என்றாள் அவள். "நீங்க இப்படி வந்துட்டா தெரு இருட்டாக் கெடக்குமே, பாவம், மாஸ்டர் எப்படி வீடு போய்ச் சேருவாரு?"

குற்றாலிங்கம் அதை யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கதவிடுக்கில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஏ மாஸ்டர், லைட்டைப் போட்டுட்டேன், பாத்துப் பத்திரமாப் போங்க" என்று குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து மாஸ்டர் பின்சுவரில் போய் முட்டுகிற சத்தமும் கேட்டது.